பிட்ஸ்பர்க்கில் வீடு பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய கார்டு

தம்பி, ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் வருகிறீர்கள், வேலை ஓக்லாந்துப் பக்கம், மனைவிக்கு டிசம்பரில் பிரசவம், உதவிக்கு அம்மாவை நவம்பரில் அழைக்கப்போகிறீர்கள். கார் இல்லாமல் சமாளிக்கலாமா, கரண்ட், கேஸ், தண்ணீரெல்லாம் எப்படி, நல்ல ஆஸ்பத்திரி எது என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து வந்து பதினான்கு வருஷமாக இதே ஊரில்தான் இருக்கிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் முதலில் முடிவாக வேண்டும். வீடு கூட அதற்கு அப்புறம்தான்.

நம் ஊரில் பிரசவம் என்றால் எந்த டாக்டரம்மா கைராசிக்காரர் என்று விசாரிப்போம். இங்கே விசாரிக்க வேண்டியது, உங்கள் இன்சூரன்ஸ் கார்டை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்பது. எல்லா அமெரிக்க ஊருக்கும் இது பொருந்தும் என்றாலும் பிட்ஸ்பர்க்கில் கொஞ்சம் கூடுதல். ஊரில் ஆஸ்பத்திரிகளை நடத்தும் இரண்டு பெரிய வீடுகள். ஒன்று யு.பி.எம்.சி. டவுன்டவுனில் 64 மாடி யு.எஸ். ஸ்டீல் கட்டடத்தின் உச்சியில் இன்று எழுதியிருப்பது அந்தப் பெயர்தான். எஃகு ஊர் எப்படி ஆஸ்பத்திரி ஊர் ஆனது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இன்னொன்று அலெகெனி ஹெல்த் நெட்வொர்க், அது ஹைமார்க் என்ற இன்சூரன்ஸ்காரர்களுடையது. யு.பி.எம்.சி.யும் சொந்தமாக இன்சூரன்ஸ் விற்கிறது. ஆக இரண்டு வீட்டிலும் வைத்தியமும் உண்டு, வைத்தியத்துக்கான காசைத் தருகிற பெட்டியும் உண்டு. பல வருஷம் பங்காளிச் சண்டை நடந்தது. 2019 ஜூன் முடிந்தால் ஹைமார்க் கார்டுக்கு யு.பி.எம்.சி. கதவு பெரும்பாலும் சாத்தப்படும் என்ற நிலையில், கெடுவுக்குச் சில நாள் முன்னால் பத்து வருட ஒப்பந்தம் போட்டார்கள். அதனால் இப்போது நிலைமை பரவாயில்லை. ஆனாலும் ஒரே கம்பெனியின் இரண்டு பிளான்களில் ஒன்று எல்லாரையும் சேர்த்திருக்கும், மலிவானது ஒரு பக்கத்தை மட்டும் சேர்த்திருக்கும். வேலையில் சேர்ந்ததும் எச்.ஆர். ஒரு படிவம் நீட்டுவார்கள். மாதப் பிடித்தத்தை மட்டும் பார்த்து டிக் அடித்துவிடாதீர்கள்.

பிரசவத்துக்கு ஓக்லாந்திலேயே மகீ பெண்கள் மருத்துவமனை இருக்கிறது, யு.பி.எம்.சி.யைச் சேர்ந்தது. ப்ளூம்ஃபீல்டில் வெஸ்ட் பென் ஆஸ்பத்திரி இருக்கிறது, அது அலெகெனி பக்கம். இரண்டிலும் எனக்குத் தெரிந்த குழந்தைகள் பிறந்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எது நல்லது என்று கேட்டால், உங்கள் கார்டு செல்லுகிறது நல்லது என்பேன். கர்ப்பம் ஏற்கெனவே இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், 2014-க்குப் பிறகு வேலைவழி இன்சூரன்ஸில் அதைக் காட்டி மறுக்க முடியாது. இன்சூரன்ஸ் எந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வருகிறது என்று மட்டும் எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். சேர்ந்த அன்றே தொடங்கும் இடமும் உண்டு, அடுத்த மாதம் முதல் தேதி வரை இழுக்கும் இடமும் உண்டு. ஊரில் எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் காகிதமாகவே கொண்டுவாருங்கள். மாதம் ஏறிய பிறகு புதிதாக ஒரு கர்ப்பிணியைச் சேர்த்துக்கொள்ளச் சில டாக்டர்கள் தயங்குவார்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே போன் போட்டு நாள் வாங்குங்கள். குழந்தை பிறந்ததும் 30 நாளுக்குள் அதன் பெயரை இன்சூரன்ஸில் சேர்க்க வேண்டும். தூக்கமில்லாத அந்த மாதத்தில் மறந்துபோகிற விஷயம் இதுதான். நாட்காட்டியில் இப்போதே சிவப்பில் எழுதிவையுங்கள்.

அப்புறம் எமர்ஜென்சி. நான் வந்த இரண்டாம் வருஷம், என் வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிவிட்டார். ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மூன்று மணி நேரம் காத்திருந்து நான்கு தையல். அடுத்த இரண்டு மாதத்தில் தபாலில் மூன்று பில் வந்தன. கட்டடத்துக்கு ஒன்று, தையல் போட்ட டாக்டருக்கு ஒன்று, எக்ஸ்ரேயைப் பார்த்த, நாங்கள் கண்ணாலேயே காணாத டாக்டருக்கு ஒன்று. மொத்தம் ஆயிரத்து நானூறு டாலரைத் தாண்டியது. இன்சூரன்ஸ் சீட்டு வேறு, ஆஸ்பத்திரி பில் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. இன்சூரன்ஸ்காரர் அனுப்பும் விளக்கச் சீட்டில் 'இது பில் அல்ல' என்று அச்சடித்திருக்கும். அது கைக்கு வரும்வரை ஆஸ்பத்திரி பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டிலும் உங்கள் பங்கு ஒரே தொகையா என்று பாருங்கள். இல்லையென்றால், வரிவரியாகப் பிரித்த பில் வேண்டும் என்று போனில் கேளுங்கள். எங்கள் பில்லில் ஒரே மருந்துக் கட்டு இரண்டு முறை ஏறியிருந்தது. கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். கேட்காதவர்கள் கட்டியிருப்பார்கள். கட்ட முடியாத தொகை என்றால், லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகளெல்லாம் உதவித் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வெட்கப்படாமல் விண்ணப்பம் கேளுங்கள்.

விரல் தையல், காய்ச்சல், காதுவலிக்கெல்லாம் அர்ஜென்ட் கேர் (முன்பதிவு இல்லாமல் போகிற சின்ன கிளினிக்) போதும். எமர்ஜென்சி என்பது மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நிற்காத ரத்தம், பனிக்குடம் உடைவது மாதிரியான நேரத்துக்கு. அப்போது கார்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இன்சூரன்ஸ் இருக்கிறதோ இல்லையோ, முதலில் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986-லிருந்தே சட்டம். உங்கள் இன்சூரன்ஸ் பட்டியலில் (நெட்வொர்க்கில்) இல்லாத எமர்ஜென்சி என்று சொல்லி உங்கள் தலையில் கூடுதலாகக் கட்டக்கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து இன்னொரு சட்டம். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. நம் ஊர் 108 மாதிரி இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்காக 911-ஐக் கூப்பிடாமலும் இருந்துவிடாதீர்கள்.

அம்மா விஷயத்தில் கொஞ்சம் உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் வேலைவழி இன்சூரன்ஸ் அவருக்குக் கிடையாது. பார்வையாளர் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாதிரி முன்பே இருக்கும் வியாதிகளுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. திடீரென்று முற்றினால் மட்டும் ஓரளவு தரும் பிளான்கள் உண்டு. அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். என் அம்மா வந்திருந்தபோது ஓர் இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எமர்ஜென்சியில் நான் மொழிபெயர்க்கத் தொடங்கியதும் நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தி, போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். மத்திய அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகள் இதை இலவசமாகத் தர வேண்டும். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல்: "அம்மா, எவ்விடத்தில நோகுது?" அம்மா என்னைப் பார்த்தார். "நோவெல்லாம் இல்ல தம்பி, நெஞ்சு கரிக்குது." அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். "கரிக்குதெண்டா... எரியிற மாதிரியோ?" "ஆமா, எரிச்சல்." ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று டாக்டர் கேட்டதற்கு, "கொஞ்சந்தான், ஆனா ஜாஸ்தி" என்றார் அம்மா. அதை மொழிபெயர்ப்பாளர் எப்படி ஆங்கிலத்தில் சொன்னார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஈ.சி.ஜி., ரத்தம் எல்லாம் பார்த்து, கடைசியில் அசிடிட்டி. கிளம்பும்முன் அம்மா போனைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்றார். "யாழ்ப்பாணம் அம்மா. இனி டொக்டர் கதைப்பார்." அவ்வளவுதான், லைன் நின்றுவிட்டது.

சரி, வீடு. ஓக்லாந்தில் வேலை என்றால் ஸ்குவிரல் ஹில், ஷேடிசைட் பக்கம் பாருங்கள். அழகான பழைய செங்கல் வீடுகள், ஜன்னல் இடுக்கில் காற்று விசில் அடிக்கும். வாடகையைக் கேட்கும்போதே வீட்டைச் சூடாக்கும் ஹீட்டுக்கு யார் கட்டுகிறார்கள், போன ஜனவரி கேஸ் பில் எவ்வளவு என்றும் கேளுங்கள். நூறு டாலர் வாடகை குறைவு என்று மகிழ்ந்தவர்கள் ஜனவரியில் அதை கேஸ்காரருக்குக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பில்லைப் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரே பார்த்துக்கொள்வார். கேஸ், கரண்ட் இரண்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற, குடிவருவதற்குச் சில நாள் முன்பு போன் போட்டால் போதும், யாரும் வந்து கம்பி இழுக்க வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்குக் கடன் வரலாறு இல்லை என்பதால் டெபாசிட் கேட்கலாம். வருஷத்துப் பில்லைப் பன்னிரண்டாகச் சமமாக்கிக் கட்டும் வசதி உண்டு, முதல் வருஷம் அதை எடுத்துக்கொள்வது நிம்மதி.

கரண்டில் ஒரு பொறி. கம்பியும் மீட்டரும் டுகேன் லைட்டுடையது. ஆனால் பென்சில்வேனியாவில் மின்சாரத்தை வேறு கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டேப்லட்டுடன் வாசலுக்கு வருவார்கள். பில்லை ஒரு நிமிஷம் காட்டுங்கள், தள்ளுபடி இருக்கிறதா பார்க்கிறேன் என்பார்கள். அதிலிருக்கும் கணக்கு எண் கிடைத்தால் போதும், நீங்கள் கம்பெனி மாறிவிடுவீர்கள். நானும் மாறியவள்தான். மூன்று மாதம் மலிவு, நான்காம் மாதத்திலிருந்து மாறும் விலை. மாற்றுவதாக இருந்தால் மாநில அரசின் பி.ஏ. பவர் ஸ்விட்ச் தளத்தில் நீங்களாகவே பாருங்கள். டுகேன் லைட் விலை ஜூன் 1, டிசம்பர் 1 என வருஷத்துக்கு இருமுறை மாறும், அதோடு ஒப்பிடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கேஸ் கசிகிறது. ஸ்விட்சைத் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள். குழந்தை வரும் வீடு என்பதால் தண்ணீர் பற்றியும் சொல்கிறேன். 2016-இல் இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஈயம் மத்திய அரசின் வரம்பைத் தாண்டியது. 2019-லிருந்து குழாயின் உட்புறம் படிவு பிடிக்க ஆர்த்தோபாஸ்பேட் கலக்கிறார்கள், ஈயக் குழாய்களையும் மாற்றி வருகிறார்கள். உங்கள் வீட்டுக் குழாய் எது என்று தண்ணீர் வாரியத்தின் வரைபடத்தில் பார்க்கலாம். பால் பவுடர் கலக்கவோ சமைக்கவோ வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரைப் பிடித்துச் சூடாக்குங்கள்.

கார்? ஓக்லாந்து வேலைக்கு முதல் வருஷம் வேண்டாம். ஃபோர்ப்ஸ் அவென்யூவில் 61-இல் தொடங்கும் பஸ்கள் ஸ்குவிரல் ஹில்லிலிருந்து ஓக்லாந்து வழியாக டவுன்டவுன் போகும். டிக்கெட் 2.75 டாலர். கனெக்ட் கார்டு என்ற பஸ் அட்டை வைத்திருந்தால் மூன்று மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் மறுபடி பிடிக்காது. பஸ்ஸுக்கென்றே தனிச் சாலை ஒன்று கிழக்கே 1983-லிருந்து இருக்கிறது. டவுன்டவுன் போக்குவரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகலாம். விமான நிலையத்துக்கு 28எக்ஸ். டி என்று சொல்லும் ரயில் தெற்கே போகிறது, ஓக்லாந்துக்கு வராது. இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது இந்த ஊர் வழக்கம், பின்வாசலில் இறங்குபவர்கள்கூடக் கத்திச் சொல்வார்கள். சனி, ஞாயிறும் ராத்திரியும் பஸ் குறைவு. பனியில் மலைத்தெருவில் வராமலும் போகும். பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு (1976-இல் எழும்பியது, புளியோதரை பிரமாதம்) யாராவது காரில் கூட்டிப்போனால்தான் சௌகரியம்.

லைசென்ஸை மட்டும் முதல் வருஷமே எடுத்துவிடுங்கள். டாக்டர் கையெழுத்திட்ட படிவம், 18 கேள்விக்கு 15 சரியாக வேண்டிய எழுத்துத் தேர்வு, அப்புறம் ஓட்டத் தேர்வு. நம் ஊரில் எட்டுப் போட்ட மாதிரி இங்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவே பேரலல் பார்க்கிங். அதில்தான் பலர் கவிழ்கிறார்கள். பச்சை விழுந்ததும் எதிரே இடதுபக்கம் திரும்ப நிற்பவர் விருட்டென்று உங்களுக்கு முன்னால் திரும்பிவிடுவார். சட்டம் இல்லை, ஊர்ப் பழக்கம். பழகும்வரை பிரேக்கில் கால் இருக்கட்டும்.

கார் இல்லாவிட்டாலும் குழந்தைக்கான கார் சீட்டை அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு வயதுவரை பின்பக்கம் பார்த்த சீட் என்பது மாநிலச் சட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் வந்தாலும் அது வேண்டும். பெல்ட் மாட்டி நான்கைந்து தடவை பழகுங்கள், முதல் தடவை அரைமணி நேரம் ஆகும்.

அம்மாவின் மருந்துச் சீட்டில் பிராண்டுப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள், இங்கே பிராண்டைச் சொன்னால் யாருக்கும் புரியாது. மிக்ஸி, கிரைண்டரைத் தூக்கி வர வேண்டாம். இங்கே 120 வோல்ட், அதற்கென்று செய்ததை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.