இருபது நிமிடத்தில் நின்றுவிடும் படகு மோட்டார்: சூடு ஆறுவதற்குள் சோதியுங்கள்

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கிறோம். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பழைய 8 எச்.பி. அவுட்போர்டு மோட்டார் ஒன்றை வாங்கிப் படகில் மாட்டினோம். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். காலையில் இரண்டே இழுப்பில் கிளம்புகிறது. இருபது நிமிடம் ஓடியதும் பட்டென்று நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. மூன்று முறை பிளக் மாற்றிவிட்டோம். இப்போது பிளக்குக்குப் பொறிக்கான கரண்டை அனுப்பும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. யூனிட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு பிளக் கெட்டால் ஒரு சிலிண்டர்தான் படுக்கும். மோட்டார் உதறிக்கொண்டு, இழுவை குறைந்து, மற்றதை வைத்து நொண்டி நொண்டியாவது ஓடும். இரண்டும் ஒரே நொடியில் நிற்கிறது என்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கைவிடுகிறது. ஆகவே நான்காவது முறையாக பிளக் வாங்க வேண்டாம்.

மின்சாரப் பக்கம் போகுமுன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். மோட்டார் ஓடும்போது பின்பக்கம் குளிர்விக்கும் நீர் பீய்ச்சி அடிக்கிறதா? கண்மாயில் பாசியும் ஆகாயத் தாமரையும் நீர் உறிஞ்சும் துளையை அடைத்துவிடும். நின்ற பிறகு ஸ்டார்ட்டர் கயிறு இறுகிப்போய் இழுக்க வரவில்லை என்றால் பிஸ்டன் பிடிக்கிறது. மேற்கொண்டு ஓட்டவே கூடாது. அடுத்தது பெட்ரோல். மோட்டார் தடுமாறத் தொடங்கும்போது பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பம்பை அழுத்துங்கள். உயிர் வந்தால் கோளாறு பெட்ரோல் வரும் வழியில். தடுமாற்றமே இல்லாமல், சுவிட்சை அணைத்தது போல நின்றால் கரண்ட்தான்.

இனி முக்கியமான சோதனை. அதை மோட்டார் நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டும். பலர் மோட்டாரைக் கழற்றி, பட்டறைக்குக் கொண்டுபோய், மறுநாள் பார்க்கிறார்கள். ஆறிய மோட்டார் எல்லாம் சரி என்றுதான் காட்டும். எனவே கரையிலேயே ஒரு டிரம்மில் நீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி, நியூட்ரலில் ஓடவிடுங்கள். நீரில்லாமல் ஓட்டினால் குளிர்விக்கும் நீரை ஏற்றும் பம்பின் ரப்பர் இறக்கை சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

நின்றதும் பெட்ரோல் டேங்கைத் தள்ளி வையுங்கள், சிந்தியிருந்தால் துடையுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒயரில் மாட்டி, பிளக்கின் உடல் இன்ஜின் உலோகத்தில் அழுந்தித் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பிளக்கை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். பொறி நீலமாக, சத்தத்தோடு விழ வேண்டும். இரண்டிலும் பொறி இல்லையென்றால், நிறுத்தும் சுவிட்சிலிருந்து சி.டி.ஐ.க்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். பொறி வந்துவிட்டால் குற்றவாளி சுவிட்சு அல்லது அந்த ஒயர்; செலவு சொற்பம். ஆனால் அதைக் கழற்றிய நிலையில் படகை எடுக்காதீர்கள். அவசரத்துக்கு மோட்டாரை நிறுத்த முடியாது.

அப்போதும் பொறி இல்லையென்றால் என் சந்தேகம் ஃபிளைவீலுக்கு (மோட்டாரின் மேலே சுழலும், காந்தம் பதித்த சக்கரம்) அடியில் இருந்து சி.டி.ஐ.க்குக் கரண்ட் தரும் சார்ஜிங் காயில் மீதுதான். தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஏராளமான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். உள்ளே கம்பி ஓரிடத்தில் விட்டிருந்தால், குளிர்ந்திருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகிவிடும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஆறியிருக்கும்போது ஒரு முறை, சூடாக நின்றவுடன் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். 50 டிகிரி சூடு ஏறினால் செம்பின் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு கூடுவது இயல்பு. அளவே காட்டாமல் போனாலோ, குதித்துக் குதித்துக் காட்டினாலோ காயில் போய்விட்டது. சரியான அளவு உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும்.

இதற்கு முன்பே ஒவ்வொரு ஒயர் இணைப்பையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள். கடலில் ஓடிய மோட்டார் அல்லவா? புளி போட்டுத் துலக்காத செம்பில் பூத்திருப்பது போல இணைப்புக்குள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுரண்டியெடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கமாக மாட்டுங்கள். எர்த் ஒயர் திருகி வைத்த இடத்தையும் விடாதீர்கள். நான் பார்த்த கடற்கரை மோட்டார்களில் சில இந்த ஒரு வேலையிலேயே சரியாகியிருக்கின்றன.

ஃபிளைவீலைப் புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவி போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விட்டுவிடும். ஃபிளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கட்டை தேய்ந்தோ வெட்டுப்பட்டோ இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பொறி விழும் டைமிங் தவறும். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்கள் இதையும் கட்டித் தருவதாகச் சொல்வார்கள். அதே கனக் கம்பி, அதே சுற்று எண்ணிக்கை, நல்ல வார்னிஷ் மூன்றும் அமைந்தால்தான் நிற்கும். புதுக் காயில் கிடைக்குமானால் அதையே வாங்குங்கள்.

சி.டி.ஐ.யும் சூட்டில் கைவிடக்கூடியதுதான். ஆனால் சாதாரண மீட்டரால் அதைச் சோதிக்க முடியாது; மற்றதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் அதன்மேல் பழி போட வேண்டும். அப்போதும் அதே மாடல் வைத்திருப்பவரிடம் ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டி, டிரம்மில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். அதுவரை நடுக்கண்மாய்க்குப் போவதானால் இரண்டு துடுப்புகளும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் படகில் இருக்கட்டும்.