கேள்வி – பதில்: டிரம்பெட்டும் ஆர்கனும்

தங்கச்சிமடம் வாசகர்: கோயிலில் நான் டிரம்பெட் ஊதுகிறேன், தம்பி 61 கட்டை கீபோர்டில் ஆர்கன் சத்தம் வைத்து வாசிக்கிறான். முதல் பாட்டில் சேர்ந்துதான் இருக்கிறது. மூன்றாவது பாட்டுக்குள் என் சுருதி ஏறிவிடுகிறது. கருவியில் கோளாறா?

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. குழாய்க்குள் காற்று சூடேறினால் சுருதி ஏறும்; 1 டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் சென்ட்). குழல் ஆர்கன் என்றால் அதன் குழல்களும் வெயிலோடு சேர்ந்து ஏறும். கீபோர்டோ 440-ஐ (ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்ற பொதுச் சுருதி) விட்டு அசையாது.

பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சுருதி சேர்ப்பதுதான் தப்பு. ஐந்து நிமிடம் மெதுவாக ஊதிச் சூடாக்கிவிட்டுப் பிறகு சேருங்கள். சுருதி சேர்க்கும் பெரிய ஸ்லைடை (U வடிவ நகரும் குழாய்) 1 செ.மீ. இழுத்தால் இரண்டு கால்களிலுமாக 2 செ.மீ. நீளம் கூடும், சுமார் 20 சென்ட் இறங்கும். அதற்காக இழுத்துக்கொண்டே போகாதீர்கள். விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளுக்கும் உள்ள சின்ன ஸ்லைடுகள் அதே நீளத்தில் நிற்பதால், வால்வு அழுத்தும் சுரங்களெல்லாம் மற்றவற்றைவிட ஏறிவிடும். மீதியைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்: கீபோர்டின் டியூனிங்கை 443-க்கு ஏற்றினால் 12 சென்ட் கிடைக்கும். 1-3, 1-2-3 வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் வரும் கீழ் டி, சி ஷார்ப் சுரங்கள் இரண்டும் எந்த வெயிலிலும் ஏறியே நிற்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை விரலால் வெளியே தள்ளி ஊதுங்கள்.

இன்னொன்று, ஆர்கன் சத்தத்தில் சுழலும் ஸ்பீக்கர் நடுக்கம் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது எது சுருதி என்று காதுக்கே பிடிபடாது.

ராமநாதபுரம் வாசகர்: இந்த இரண்டு கருவிகளுக்கென்றே எழுதிய நவீன இசை உண்டா?

உண்டு. செக் நாட்டு பீட்டர் எபென் 1976-இல் எழுதிய 'ஜன்னல்கள்' முதலில் நிற்கும். எருசலேமில் மார்க் ஷகால் செய்த கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்து எழுதியது. நீலம், பச்சை, சிவப்பு, பொன் என்று நான்கு பகுதிகள். காலால் வாசிக்கும் கட்டைகள் இல்லாத கீபோர்டில் அதைத் தொடாதீர்கள், பாதி இசை காணாமல் போகும். தொடங்குவதற்கு ஆலன் ஹோவனெஸின் 'புனித கிரகோரியின் ஜெபம்' (1946) போதும். தந்திக் கருவிகளோடு எழுதியதை ஆர்கனோடும் வாசிக்கிறார்கள். ஆர்கன் நிதானமாக நடக்க, டிரம்பெட்டுக்கு மூச்சு வாங்க இடம் இருக்கிறது. ஆனால் நீண்ட சுரங்கள். சுருதி நழுவினால் ஒளிக்க இடமில்லை.

பாம்பன் வாசகர்: காலையில் எடுத்தால் வால்வு ஒட்டிக்கொண்டு மேலே வர மறுக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டவே வேண்டாம், பிசுபிசுத்து இன்னும் ஒட்டும். உள்ளே காய்ந்த எச்சிலோடு உப்புக் காற்றின் ஈரமும் சேர்வதுதான் காரணம். ஊதி முடித்ததும் தண்ணீரை வடித்து, வால்வுகளைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, வால்வு எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு வையுங்கள். வால்வுகளைத் திரும்பப் போடும்போது அவற்றின் 1, 2, 3 எண் மாறினால் காற்றே போகாது. மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கொதிநீர் மேல்பூச்சை உரித்துவிடும். வாய்க்குழாயில் (ஊதும் வாய்ப்பகுதியைச் செருகும் முதல் குழாய்) இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் போகத் தொடங்கிவிட்டது. அந்தக் குழாயை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.