பாட்டு கேட்டால் தூக்கம் வருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

படுக்கையில் பாட்டு கேட்டால் உண்மையிலேயே தூக்கம் வருமா, இல்லை வெறும் பழக்கமா?

உதவும். தூக்கமின்மையால் அவதிப்படும் பெரியவர்களிடம் நடந்த 13 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் தொகுத்துப் பார்த்தது. தினமும் 25 முதல் 60 நிமிடம் வரை இசை கேட்டவர்கள், தங்கள் தூக்கம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். பழக்கமும் இதில் சேர்ந்துதான் வேலை செய்கிறது, அதைக் குறையாக நினைக்காதீர்கள். தினமும் அதே நேரத்தில் அதே இசை ஒலித்தால், படுக்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குப் புரிந்துவிடும். முதல் ராத்திரியே பலன் தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

விளக்கை அணைத்த பிறகும் சினிமாப் பாட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வரிகள் இல்லாத இசைக்கு மாறினால் சரியாகுமா?

எந்த இசைக்கு மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிடித்த பாட்டையே புல்லாங்குழலிலோ கீபோர்டிலோ கேட்டால் தொல்லை கூடலாம். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பிரபல பாடல்களை வரிகளோடு கேட்டவர்களைவிட, அவற்றின் வாத்திய வடிவத்தைக் கேட்டவர்களுக்குத்தான் பாட்டு மனதில் அதிகம் ஒட்டிக்கொண்டது. விட்டுப்போன வரிகளை மனம் தானாக நிரப்பப் பார்க்கிறது என்பது என் ஊகம். அதனால் உங்களுக்கு மனப்பாடம் இல்லாத, மெதுவான இசையைத் தேடுங்கள். தாலாட்டுக்கு உரியதென்று நம் மரபு சொல்லும் நீலாம்பரி ராகத்தில் ஓர் ஆலாபனை கேட்டுப் பாருங்கள். தாளக்கட்டு இல்லை, கூடவே பாட வரிகளும் இல்லை. படுக்கப்போகும் நேரத்தில் குத்துப்பாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

விடிய விடிய இயர்போனில் ஓடவிடலாமா?

வேண்டாம். தூங்கிய பிறகும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது சத்தமாகத் தொடங்கினாலோ, நடுவில் விளம்பரம் வந்தாலோ தூக்கம் கலையும். நீங்கள் முழுதாக விழிக்காததால் காலையில் அது நினைவிலும் இருக்காது. செயலியில் டைமர் இருக்கும், 45 நிமிடம் வையுங்கள். இயர்போனைவிடச் சின்ன ஸ்பீக்கர் நல்லது. குழந்தை அழுதாலும் யாராவது கதவைத் தட்டினாலும் கேட்க வேண்டுமே.

அலாரம் அடித்து எழுந்தும் அரை மணி நேரம் மந்தமாக இருக்கிறது. பாட்டை அலாரமாக வைக்கலாமா?

தாராளமாக. ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மெட்டுள்ள அலாரம் வைத்தவர்களுக்கு எழுந்ததும் வரும் மந்தம் குறைவாகத் தெரிந்தது. கடுமையான 'பீப் பீப்' வைத்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. 50 பேரிடம் மட்டும் கேட்டு எழுதிய ஆய்வு அது, அறுதியான முடிவு அல்ல. ஆனாலும் செலவில்லாத மாற்றம், செய்து பாருங்கள். தூங்க வைக்கும் பாட்டையே எழுப்பவும் வைக்காதீர்கள். அப்புறம், ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் எந்த மெட்டும் அந்தக் குறையை ஈடுகட்டாது.

பல மாதமாக எந்த இசைக்கும் தூக்கம் வரவில்லை.

வாரத்தில் மூன்று ராத்திரியாவது இப்படி, மூன்று மாதமாக நீடிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். தூக்கமின்மைக்கென்றே உள்ள உளவியல் சிகிச்சையைப் பற்றி அவரிடம் கேளுங்கள், முதலில் பரிந்துரைக்கப்படுவது அதுதான்.