ராபர்ட் ஜான்சனுக்கு மூன்று கல்லறைகள்: எங்கே போவது?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வுட் ஊருக்கு வடக்கே உள்ள லிட்டில் சயான் தேவாலயத்துக்குப் போங்கள். இரண்டே ஆண்டுகளில் 29 புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகை) பாடல்களைப் பதிவுசெய்த பாடகர் ஜான்சன், 1938 ஆகஸ்ட் 16 அன்று 27 வயதில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் மரணக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘மருத்துவர் இல்லை’ என்றிருக்கிறது. அடக்கம் செய்த இடம் வெறுமனே ‘சயான் தேவாலயம்’. குழப்பமே இதில்தான். அந்த வட்டாரத்தில் சயான் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தேவாலயங்கள் உண்டு. 1991-ல் மார்கன் சிட்டி அருகே மவுண்ட் சயானில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதே மாநிலத்தின் குவிட்டோ என்ற சிற்றூரில் இன்னொரு கல் இருக்கிறது. லிட்டில் சயானுக்கோ குழி தோண்டியவரின் மனைவி சொன்ன சாட்சியம் இருக்கிறது. என் கணிப்பில் அதுதான் வலுவானது. அங்கே பெக்கான் மரத்தடியில் கல்லைத் தேடுங்கள். ஜான்சன் எழுதியதாகச் சொல்லப்படும் ஜெப வரிகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.