ஒளிபரப்பாளர் கார்பன் கணக்கு கேட்டால்

வணக்கம் சகோதரி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஏழு பேர் நடத்தும் தயாரிப்பு நிறுவனத்திடம், நாடகம் வாங்கும் ஒளிபரப்பாளர் கார்பன் கணக்கு (தயாரிப்பில் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கு) கேட்கிறார், மரம் நட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவர்களுக்குத் தேவை எண்.

இந்தக் கணக்கில் உமிழ்வை 'ஸ்கோப்' என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள். உங்கள் ஜெனரேட்டர் எரிக்கும் டீசல் உங்களுக்கு ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. நாடகத்தை வாங்குபவருக்கோ இவை இரண்டும் ஸ்கோப் 3, அதாவது பிறரிடம் வாங்குவதால் வரும் உமிழ்வு. அதைக் குறைக்காமல் அவர்கள் இலக்கு பேச முடியாது, அதனால்தான் உங்களைத் துரத்துகிறார்கள்.

முதலில் டீசல் ரசீதுகளைத் தேடுங்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஒரு நாள் படப்பிடிப்புக்கு 40 லிட்டர் போனால் 108 கிலோ! அலுவலக விளக்கை அணைப்பதைவிட, படப்பிடிப்பு இடத்திலேயே மின் இணைப்பு கேட்டு வாங்குவது பெரிய மிச்சம். மின்சாரத்துக்குத் தெனாகா மின்வாரிய பில்லில் உள்ள யூனிட்டை, மலேசிய எரிசக்தி ஆணையம் தீபகற்ப மலேசியாவுக்கு வெளியிடும் உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்ற எண்) பெருக்குங்கள். சரவாக்கின் எண்ணை எடுத்துவிடாதீர்கள். அங்கே நீர்மின்சாரம் அதிகம், கணக்கு குறைந்து காட்டும்.

அப்புறம் வேன், விமானம், சாப்பாடு. பினாங்குப் படப்பிடிப்புக்குப் பட்டர்வொர்த் வரை ரயிலில் போனால் பயணக் கணக்கு சுருங்கும். இதற்கெல்லாம் பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி அகாடமியான பாஃப்டாவின் கீழ் 2011இல் தொடங்கிய ஆல்பர்ட் அமைப்பின் கார்பன் கணிப்பானைப் பாருங்கள், படப்பிடிப்புக்கென்றே செய்தது.

'2030க்குள் உமிழ்வு பாதி' என்று எழுதிய தாளை ஒளிபரப்பாளர் நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ஓராண்டுக் கணக்கு கையில் வரட்டும், பாதி என்றால் எதில் பாதி என்று அப்போது பேசலாம்.