எந்தத் தரவுக்கு எந்த வரைபடம் போடுவது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வீட்டில் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். புள்ளியியல் பாடம் வந்தாலே கணக்கை வாசிக்கும் முன்பு காம்பஸைத் தேடுவார்கள். வட்டம் பார்க்க அழகு, கலர் அடிக்கலாம், அவ்வளவுதான் காரணம். அந்த இடத்தில் நிறுத்தி, "இந்த எண்களை எல்லாம் கூட்டினால் வருகிற தொகைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?" என்று கேட்கச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வீட்டுச் செலவை எடுத்துக்கொள்வோம். வாடகை 6,000, சாப்பாடு 7,200, டியூஷன் ஃபீஸ் 1,800, கரண்டும் கேஸும் 1,500, மற்றவை 1,500. கூட்டினால் 18,000 ரூபாய், அந்த மாதத்தின் மொத்தச் செலவு. அர்த்தம் இருக்கிறது, அதனால் வட்ட விளக்கப்படம் தாராளமாகப் போடலாம். புத்தகத்தில் ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுத்து 360-ஆல் பெருக்கச் சொல்லியிருக்கும். நான் 18,000-ஐ 360-ஆல் வகுக்கச் சொல்வேன். ஒரு டிகிரிக்கு 50 ரூபாய். இனி 50-ஆல் வகுத்துக்கொண்டே போனால் போதும்: 120, 144, 36, 30, 30. கூட்டினால் 360 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாகைமானியைத் தொட வேண்டும். பரீட்சையில் மட்டும் புத்தக முறையிலேயே எழுதட்டும், படிக்கு மார்க் உண்டு.

இப்போது தமிழ்நாட்டு மக்கள்தொகை. 1951-ல் சுமார் 3.01 கோடி, 1981-ல் 4.84 கோடி, 2011-ல் 7.21 கோடி. இதைக் கூட்டினால் ஒரே ஆளை இரண்டு மூன்று தடவை எண்ணியதாகிவிடும். வட்டம் கூடாது. காலம் போகப் போக எப்படி ஏறியது என்பதுதான் கேள்வி, அதற்குக் கோட்டு வரைபடம்.

பள்ளிக்கு நடந்து வருபவர், சைக்கிளில் வருபவர், பஸ்ஸில் வருபவர் என்று தனித்தனி வகைகளை ஒப்பிட பட்டை வரைபடம். பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும்.

பிள்ளைகள் தடுமாறுவது நிகழ்வுச் செவ்வகத்தில்தான் (ஹிஸ்டோகிராம்: மார்க் போன்ற அளவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று காட்டும் படம்). அதுவும் பட்டை மாதிரியே தெரிகிறதே! ஆனால் கீழே இருப்பது பெயர் இல்லை, 0-10, 10-20 என்று தொடர்ந்து போகும் அளவு. அளவில் இடைவெளி இல்லை, அதனால் செவ்வகங்களும் ஒட்டித்தான் நிற்க வேண்டும். 1-10, 11-20 என்று கொடுத்திருந்தால் 10-க்கும் 11-க்கும் நடுவே இடைவெளி விழும்; அப்படியே வரையக் கூடாது, 0.5-10.5, 10.5-20.5 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த பொறி இது.

பட்டை வரைபடத்தில் இன்னொன்று: Y அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். அ பிரிவு சராசரி 72, ஆ பிரிவு 78 என்று வைத்துக்கொள்வோம். அச்சை 70-ல் தொடங்கினால் ஆ பிரிவின் பட்டை நாலு மடங்கு உயரமாக நிற்கும். டிவி சேனல்கள் இதைத் தெரிந்தே செய்கின்றன என்பது என் சந்தேகம்.

வரைபடத்தாளின் மூலையில் அளவுத்திட்டம் எழுத நினைவூட்டுங்கள். மேலே சொன்ன மக்கள்தொகைக்கு X அச்சில் 1 செ.மீ. = 10 ஆண்டுகள், Y அச்சில் 1 செ.மீ. = 50 லட்சம் என்று எடுத்தால் தாளுக்குள் அடங்கிவிடும்.