புறா ஜோடிப் பெட்டியில் தீனி வீணாகாமல் இருக்க: கேள்வி பதில்

வியாசர்பாடி: அண்ணா, ஜோடி போட்ட பெட்டியில வைக்கிற தீனி பாதி கீழதான் கிடக்கு. என்ன பண்ணலாம்?

புறா பிடிச்ச தானியத்தைத் தேடி அலகால இடதும் வலதுமா வாரி அடிக்கும். பட்டாணி மேல வர்ற வரைக்கும் கம்பும் கோதுமையும் வெளியே பறக்கும். கிண்ணம் ததும்பினா இது இன்னும் மோசம். மூணுல ஒரு பங்குக்கு மேல நிரப்பாதீங்க. தீனி வைக்கத் தட்டு, தட்டையான மூடி எதுவும் வேண்டாம்.

கிண்ணத்துக்கு 4 இஞ்ச் பிவிசி பைப்புல 8 செ.மீ. துண்டு வெட்டி, அடியில எண்ட் கேப் (பைப் மூடி) மாட்டுங்க. பசை ஒட்டாதீங்க, கழுவுறதுக்குக் கழட்டணும். அதைக் கதவு வலைக்கு வெளிப்பக்கம், வாய் விளிம்பு புறாவோட மார்பு உயரத்துக்கு வர்ற மாதிரி கட்டுங்க. வலையில தலை மட்டும் நுழைய 5 செ.மீ. அகலத்துக்கு வழி விட்டு, வெட்டின கம்பி முனையெல்லாம் மடக்கிடுங்க; இல்லைன்னா கண்ணு போயிடும். கிண்ணம் வெளியே இருந்தா எச்சம் விழாது, மேல ஏறி நிக்கவும் முடியாது. குஞ்சு மூணு வாரத்துல தானா கொத்தப் பழகும்போது மட்டும் உள்ளே தாழ்வா ஒரு சின்ன மண் சட்டி வைங்க, ஒரு கைப்பிடி தீனியோட.

மதுரை: ஒரு ஜோடிக்கு எத்தனை கிராம் சார்?

அடை காக்கும்போது ஒரு புறாவுக்கு நாளைக்கு 30-35 கிராம், ஜோடிக்கு 60-70. காலையில பாதி, சாயங்காலம் பாதி. பொரிச்ச முதல் 4-5 நாள் தாயும் தகப்பனும் தொண்டைக்குக் கீழ இருக்கிற தீனிப்பையில ஊறுற பாலைத்தான் ஊட்டும், அதனால தீனி பெருசா ஏறாது. ஒரு வாரத்துக்கு மேல மளமளன்னு ஏறும். ரெண்டு வாரக் குஞ்சு ரெண்டு இருந்தா 120 கிராம்ல ஆரம்பிச்சு மூணு வேளையாப் பிரிச்சுப் போடுங்க. கிண்ணத்துல பிடிக்காத தானியம் மட்டும் கொஞ்சம் மிஞ்சினா அளவு சரி. பட்டாணியே மிஞ்சினா அதிகமாப் போடுறீங்க. சாயங்காலம் குஞ்சோட தீனிப்பையைத் தொட்டுப் பாருங்க. தளர்ந்து கிடந்தா வீணாகுதுன்னு பார்க்காம கூட்டிடுங்க.

திருச்சி: தண்ணிக் கிண்ணம் தீனிக்குப் பக்கத்துலேயே வைக்கலாமா?

வேண்டாம். அலகுல இருந்து சொட்டுற தண்ணி தானியத்துல பட்டா பூஞ்சை பிடிக்கும். பெட்டியோட மறு ஓரத்துல வைங்க. ஆனா தண்ணி காலியாக விடாதீங்க. தண்ணி குடிக்காம புறா குஞ்சுக்கு ஊட்டாது.

கொளத்தூர்: பெல்லட்டுக்கு (அரைச்சு உருட்டின குச்சித் தீனி) மாறினா?

பொறுக்க வழியில்ல, சிதறல் குறையும். ஈரம் பட்டா மாவாயிடும். குஞ்சு இருக்கும்போது மாத்தாதீங்க.

சேலம்: என் புறா வாய்க்குள்ள மஞ்சளா கட்டி. என்ன மருந்து?

கேன்கரா (வாயிலயும் தொண்டையிலயும் வர்ற ஒட்டுண்ணி நோய்) இருக்கலாம். கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க.

ஆவடி: ஒரு ஜோடிக்கு எவ்வளவு தீனி வைக்கணும்?

கிராம் கணக்குக்கு மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படிங்க. கிண்ணத்துல மட்டும் மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம்.

ராயபுரம்: கீழ விழுந்ததை அள்ளி, சலிச்சு, வெயில்ல காயவச்சுத் திரும்பப் போடுறேன். ரொம்ப வருஷமா ஒண்ணும் ஆகல. எதுக்கு வீண் செலவு?

பெட்டித் தரையில விழுந்தது எச்சத்துல புரண்ட தானியம். சலிச்சா தூசி போகும், ஒட்டின எச்சம் போகாது. காக்சிடியா (குடல்ல வாழ்ற ஒட்டுண்ணி) முட்டையை மொட்டைமாடி வெயில் முழுசா அழிக்கும்னு நம்ப முடியாது. பெரிய புறா தாங்கும், குஞ்சுதான் பச்சையாக் கழிஞ்சு இளைக்கும்.

ராயபுரம்: அப்போ கழுவிக் காயவச்சா?

உள்ளே ஈரம் நின்னா பூஞ்சை. எச்சத்துக்குப் பதிலா இன்னொரு நோய்.

தண்டையார்பேட்டை: அவர் சொல்றதும் நியாயம்தானே அண்ணா, கம்பு விலை தெரியுமா?

தெரியும். அதனாலதான் எங்கே விழுதுன்னு பாருங்கன்னு சொல்றேன். வெளியே மாட்டின கிண்ணத்துக்கு அடியில 30 செ.மீ. அகலத் தட்டு ஒண்ணு, விளிம்பு 3 செ.மீ. உயரத்துல வைங்க. மேல் வரிசைப் பெட்டியோட எச்சம் அதுல விழாம தடுப்பு இருக்கணும். அந்தத் தட்டுல விழுந்த தானியத்தை அன்னைக்கே எடுத்துப் போடலாம், ஒரு கிராம்கூட வீணில்ல. தரையில விழுந்ததை அன்னைக்கு ராத்திரிக்குள்ள கூட்டி எடுத்துடுங்க, இல்லைன்னா எலி வரும்.

ராயபுரம்: கோழிக்குப் போடலாமா?

புறா காக்சிடியா கோழிக்கு ஒட்டாது. சால்மொனெல்லாங்கிற பாக்டீரியா ஒட்டும். போடாதீங்க.

பெரம்பூர்: கிண்ணம் ஃபுல்லா வச்சா என்ன ஆகும் அண்ணா?

வாரி அடிச்சு வெளியே சிதறும். முதல் பதிலைப் படிங்க.